தனி ஆளாக நிலம் அளக்க எந்தக் கருவி?

தனியார் நில அளவர் ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது அவர் முன் நிற்கும் முதல் கேள்வி, கையிலிருக்கும் பணத்தை எந்தக் கருவியில் போடுவது என்பதுதான். டோட்டல் ஸ்டேஷனா, செயற்கைக்கோள் சமிக்ஞையால் இடம் காணும் ஆர்.டி.கே. ரோவரா, ஆள் தொடாமலே திரும்பும் ரோபோட்டிக் கருவியா, அல்லது எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதா? கேட்கிற இடமெல்லாம் பதில் கிடைக்கிறது. அரசு நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர் ஒன்று சொல்வார், சாலை ஒப்பந்தப் பணிகளில் ஊறியவர் வேறொன்று சொல்வார், கருவி விற்பவர் புதிதாக வந்ததைப் பரிந்துரைப்பார். இவற்றில் பெரும்பாலானவை அவரவர் அனுபவத்துக்கு உண்மையானவை. ஆனால் அந்த அனுபவங்கள் வேறு வேறு வேலைகளில், சில சமயம் வேறு நாடுகளில் பிறந்தவை.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட நிலை. தமிழ்நாட்டில், அலுவலகத்தையும் களத்தையும் ஒருவரே பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் தினக்கூலிக்கு ஓர் உதவியாளை வைத்துக்கொண்டு, பட்டா நிலத்தை அளந்து காட்டுவது, மனைப்பிரிவு போடுவது, கட்டட வேலைக்கு மார்க்கிங் கொடுப்பது, மட்டம் பார்ப்பது ஆகியவற்றைச் செய்பவரின் நிலை. எல்லைத் தகராறில் இறுதிச் சொல் அவருடையதல்ல. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அது அரசின் கையில் இருக்கிறது. ஆனாலும் நிலம் வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பும், வீடு கட்டுபவர் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பும் நம்புவது இவருடைய அளவைத்தான். அதில் அரை அடி பிசகினால் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டும் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கும்.

ஆட்கள் குறைந்து வந்த வரலாறு

எட்மண்ட் குன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் வடிவமைத்த சங்கிலி 66 அடி நீளம், 100 லிங்க் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் பரப்புக் கணக்கு எளிது. அதைப் பிடிக்க இருவர் வேண்டும். முன்னால் போகிறவர் கையில் அம்பு எனப்படும் பத்து இரும்புக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒன்றைத் தரையில் குத்திவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொள்வார். பின்னவர் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி தூரம். இருவர் கையில் உள்ளதையும் தரையில் நிற்பதையும் கூட்டினால் எப்போதும் பத்து வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அளப்பதும் சரிபார்ப்பதும் ஒரே செயலாக இருந்தன, இரண்டாவது ஆள் இருந்ததால்.

இந்த மண்ணில் நடந்த பெரிய அளவைகள் எல்லாம் படை பட்டாளத்தோடு நடந்தவை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையில், தியோடலைட் ஒன்றே ஏறத்தாழ அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி வளைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டிச் சரிசெய்தார். கருவி கெட்டால் அதைத் தெரிந்துகொள்ளவும் திருத்தவும் ஆட்கள் இருந்த காலம் அது.

அதன் பின் வந்த ஒவ்வொரு கருவியும் களத்திலிருந்து ஆட்களைக் குறைத்தது. 1950களில் சுவீடனின் ஜியோடிமீட்டரும் தென்னாப்பிரிக்காவின் டெல்லுரோமீட்டரும் ஒளி, நுண்ணலைகளால் தூரம் அளந்து சங்கிலியை ஓரம்கட்டின. தூரமும் கோணமும் ஒரே பெட்டிக்குள் வந்தபோது அது டோட்டல் ஸ்டேஷன் ஆனது. 1990இல் வந்த ஜியோடிமீட்டர் 4000 வரிசை, ஒளியைத் திருப்பி அனுப்பும் ப்ரிஸத்தைத் தானே பின்தொடர்ந்து, கருவிக்குப் பின்னால் நிற்கும் ஆளையும் எடுத்துவிட்டது. 1990களில் ஆர்.டி.கே. முறை பரவியபோது இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்ற கட்டாயமே போனது.

இந்த வரலாற்றை வேகம், துல்லியம் ஆகியவற்றின் கதையாகவே வழக்கமாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் அடங்குகிறது. குறைந்துபோன ஒவ்வோர் ஆளோடும் அவர் தன்னையறியாமல் செய்துவந்த சரிபார்ப்பும் போய்விட்டது. தனி ஆள் தொழிலுக்குக் கருவி தேர்வதில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. இனி வரும் நிலைப்பாடுகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

டோட்டல் ஸ்டேஷனே முதல் என்போர்

பழைய, இன்றும் வலுவான நிலைப்பாடு இது. பாலிடெக்னிக் பாடத்திலும் கட்டடத் தளங்களிலும் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ஐந்து வினாடி கோணத் துல்லியம் கொண்ட சாதாரணக் கருவியே 100 மீட்டரில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் விலகும். தூர அளவையிலும் சில மில்லிமீட்டர் பிழைதான். தென்னந்தோப்பிலும், இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருங்கிய தெருவிலும், கூரை போட்ட கட்டடத்துக்குள்ளும் ஒரே மாதிரி வேலை செய்யும். நல்ல நிலையிலுள்ள பழைய கருவி புதியதன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைப்பதும் இந்தத் தரப்பின் வாதம்.

இவர்கள் வலியுறுத்தாத, ஆனால் அதைவிட முக்கியமான ஒரு வாதம் உண்டு. டோட்டல் ஸ்டேஷன் தருவது தரையில் உள்ள தூரம். ஒவ்வொரு புலத்துக்கும் அரசு வைத்திருக்கும் எஃப்.எம்.பி. வரைபடத்தில் இருப்பதும் தரையில் சங்கிலி போட்டு அளந்த தூரம். புலத்தின் குறுக்கே நீண்ட மூலைவிட்டங்கள் போட்டு, கிராஸ் ஸ்டாஃப் கொண்டு செங்குத்தாக ஆஃப்செட் எடுத்து, அந்த அளவுகளை ஏணிப்படி போல் லேடரில் எழுதிவைத்த முறை அது. முச்சந்திக் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இத்தனை என்று எழுதியிருந்தால், டோட்டல் ஸ்டேஷனில் பார்த்த எண்ணை நேராக அதோடு ஒப்பிடலாம். இடையில் எந்தக் கணக்கும் மாற்றமும் இல்லை.

பலவீனம் வெளிப்படையானது. கையால் திருப்பும் டோட்டல் ஸ்டேஷனுக்கு ப்ரிஸம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ப்ரிஸம் இல்லாமலே அளக்கும் வசதி கொண்ட கருவி சுவர் மூலையையும் தூணையும் ஒருவர் தனியாக எடுக்க உதவும். ஆனால் புல்லுக்குள் தலை மட்டும் தெரியும் சர்வே கல்லின் மேல் லேசர் சாய்வாக விழுந்து பரவும், குறுக்கே ஓர் இலை ஆடினாலே தூரம் மாறிவிடும். எல்லைக் கல் அளப்பதற்கு அதை நம்புவது ஆபத்து.

வெளியே தெரியாத பலவீனம் ஒன்றும் இருக்கிறது. சந்தையில் உள்ள பல ப்ரிஸங்களின் மாறிலி கழித்தல் 30 மில்லிமீட்டர், சிலவற்றின் மாறிலி பூஜ்யம், மினி ப்ரிஸங்கள் வேறு ரகம். கருவியில் ஒன்றைப் போட்டு வைத்து, கோலில் வேறொன்றை மாட்டினால், அளக்கும் ஒவ்வொரு தூரமும் 3 செ.மீ. தப்பாகும். தொடங்கிய புள்ளிக்கே திரும்பிவரும், பக்கங்கள் சமமான சதுர ட்ராவர்ஸ் ஒன்றில் இந்தத் தப்பு நான்கு பக்கத்திலும் ஒரே அளவில் ஏறி, மூடல் பிழை பூஜ்யமாகவே காட்டும். கணக்கு சுத்தமாக மூடியதே என்று நிம்மதி அடைகிறவர் ஏமாந்துபோவார். இதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே நேர்கோட்டில் மூன்று ஆணி அடித்து, முதலிலிருந்து நடு, நடுவிலிருந்து கடைசி, முதலிலிருந்து கடைசி என மூன்று தூரத்தையும் அளப்பது. முதல் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் வந்தால் அதுவே மாறிலியின் பிழை. வேறு கருவி வேண்டாம், தெரிந்த தூரம் வேண்டாம், ப்ரிஸத்தை ஸ்டாண்டில் நிறுத்தினால் இரண்டாவது ஆளும் வேண்டாம்.

வானத்தை நம்புவோர்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இளைய தலைமுறை அளவர்கள் வேகமாக நகர்ந்திருக்கும் நிலைப்பாடு, ரோவர்தான் முதல் என்பது. இதன் பின்னணியில் பல மாற்றங்கள் உள்ளன. 2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்துவந்ததை நிறுத்தியது. ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களும் சேர்ந்ததால் வானில் தெரியும் எண்ணிக்கை கூடியது. 2017க்குப் பின் கோலைச் சாய்த்துப் பிடித்தாலும் நுனியின் இடத்தைக் கணக்கிடும் ரோவர்கள் பரவின. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் புவியியல் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் அளக்க முன் அனுமதி வேண்டாம் என்றன. சர்வே ஆஃப் இந்தியா நாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் நிரந்தர நிலையங்களைக் கொண்ட சி.ஓ.ஆர்.எஸ். வலையை அமைத்தது. அதனால் ஓரிடத்தில் நின்று திருத்தம் அனுப்பும் பேஸ் எனப்படும் இரண்டாவது கருவி இல்லாமலே, கைப்பேசி இணையத்தில் திருத்தத் தரவு வாங்கி ஒற்றை ரோவரோடு வேலை செய்வது சாத்தியமானது.

தனி ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமியிலோ, திறந்த வயல்வெளியில் விழும் புதிய மனைப்பிரிவிலோ, ஓர் ஆள் ஒரு கோலோடு நடந்து, டோட்டல் ஸ்டேஷனில் இருவர் செய்வதைவிட வேகமாக முடித்துவிடலாம். தயாரிப்பாளர்கள் சொல்லும் கிடைத்தளத் துல்லியம் 8 மில்லிமீட்டருடன் கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். எல்லை வேலைக்கு இது தாராளம்.

ஆனால் இந்த எண் திறந்த வானத்துக்கானது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மட்டைகளுக்கு இடையே நுழையும் சமிக்ஞையும், ஈரமான இலையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையும் கலந்து வரும்போது, இடம் உறுதியாகிவிட்டதாகத் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று பச்சை காட்டியபடியே இடம் பல செ.மீ., சில வேளை அரை மீட்டருக்கும் மேல் தள்ளி விழக்கூடும். பார்ப்பதற்கு நல்ல அளவும் கெட்ட அளவும் ஒரே மாதிரி இருக்கும். அனுபவமுள்ளவர்கள் இதற்கு ஒரே மருந்து சொல்கிறார்கள். ஃபிக்ஸை உதறிவிட்டு மறுபடி பிடிப்பது, முடிந்தால் அரை மணிக்குமேல் இடைவெளி விட்டு, செயற்கைக்கோள்கள் நகர்ந்த பிறகு, அதே கல்லை இன்னொரு முறை எடுப்பது. இப்படி ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு முறை நடந்தால் ரோவரின் வேகத்தில் பாதி போய்விடும். அந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்காமல் ரோவரையும் டோட்டல் ஸ்டேஷனையும் ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

அடுத்தது பேஸ் பற்றியது. கைப்பேசி சிக்னல் இல்லாத மலைச்சரிவுகளில் சொந்த பேஸ் வேண்டும். அதைத் தனியே விட்டுவிட்டு நடப்பது திருட்டுப் பயத்தோடு வேலை செய்வது. போதாக்குறைக்கு, பேஸை நிறுத்திய இடத்தின் ஆயத்தை, அதாவது இருப்பிட எண்களை, அந்த நேரத்து ஜி.பி.எஸ். சொன்னபடியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சில மீட்டர் தப்பாக இருக்கலாம். அன்றைய அளவுகள் தமக்குள் பொருந்தும், ஆனால் ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் பேஸ் வைத்து வந்தால் பழைய வேலையோடு ஒட்டாது.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானதுமான சிக்கல், பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் யூ.டி.எம். முறையின் ஆயங்கள். பெரும்பாலான ரோவர்கள் தரும் ஆயம் இந்த முறையில்தான். 78 டிகிரி தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. அதற்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44ஆம் மண்டலம். கோவையும் மதுரையும் வேறு வேறு மண்டலங்களில் இருக்கின்றன. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது, மண்டலத்தின் நடுக்கோட்டருகே தூரம் சுருங்கும், ஓரத்தில் நீளும். சென்னை 44ஆம் மண்டலத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 செ.மீ. குறைவாக வரும். மதுரையும் சேலமும் ஓரத்தில் இருப்பதால் அதே 100 மீட்டருக்கு சுமார் 8 செ.மீ. கூடுதலாக வரும். மதுரையில் ஓர் ஏக்கர் நிலத்தின் பரப்பை யூ.டி.எம். ஆயங்களிலிருந்து அப்படியே கணக்கிட்டால் ஏறக்குறைய 70 சதுர அடி கூடுதலாகக் காட்டும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை, அளந்தவர் கையிலும் இல்லை. தரைத் தூரத்துக்கு மாற்றும் அமைப்பை மென்பொருளில் போடாததன் விளைவு அது. நகரத்து மனையில் இந்த எழுபது அடிக்கு என்ன விலை என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரியும்.

உயரத்தில் பிரச்சினை இன்னும் வெளிப்படை. தென்னிந்தியாவும் இந்தியப் பெருங்கடலும் புவியீர்ப்பு தாழ்ந்த பகுதி என்பதால், சென்னைக் கடற்கரையில் நிற்கும் ரோவர் தன் கச்சா உயரத்தை 80 மீட்டருக்கும் கீழே, கழித்தல் குறியோடு காட்டும். உயரத்தைக் கடல்மட்டத்தோடு இணைக்கும் ஜியாய்டு மாதிரியைச் சேர்த்தால் இது சரியாகும். இருந்தாலும் கழிவுநீர்க் குழாய், வாய்க்கால் போன்ற சில மில்லிமீட்டர் சரிவு பார்க்கும் வேலைக்கு ஆட்டோ லெவலை ரோவரால் ஈடுசெய்ய முடியாது.

தானே திரும்பும் கருவி

தனி ஆள் தொழில் என்றதும் வெளிநாட்டுப் பயிற்சி நூல்கள் சொல்லும் பதில் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன். கருவி ஸ்டாண்டில் நிற்கும், அளவர் ப்ரிஸக் கோலோடு நடப்பார், கையிலுள்ள கன்ட்ரோலரிலிருந்து எல்லாவற்றையும் இயக்குவார். டோட்டல் ஸ்டேஷனின் துல்லியமும் ரோவரின் தனிமையும் சேர்ந்து கிடைக்கின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுவே சிறந்த பதில் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் இந்தப் பதில் பிறந்தது உதவியாளின் சம்பளம் மிக அதிகமான நாடுகளில். சுவீடனில் ஓர் ஆளின் ஆண்டுச் சம்பளத்தை மிச்சப்படுத்தினால் கருவி சில ஆண்டுகளில் விலையைத் திருப்பித் தந்துவிடும். தமிழ்நாட்டு தினக்கூலியில் அதே கணக்கைப் போட்டால், சாதாரண டோட்டல் ஸ்டேஷனைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவி தன் விலையை ஈட்ட எடுக்கும் காலம் அதன் ஆயுளையே எட்டிவிடக்கூடும். இன்னொன்று, நம் உதவியாள் ப்ரிஸம் மட்டும் பிடிப்பதில்லை. எந்த வரப்பில் கல் புதைந்திருக்கிறது, எந்தக் கிணற்று மேட்டில் பழைய அளவர் நின்றார் என்று தெரிந்த உள்ளூர்க்காரர் அவர். ரோபோ அந்த வேலையைச் செய்யாது. சாலையோரத்தில் ஆளின்றி நிற்கும் விலையுயர்ந்த கருவி, அதைச் சுற்றும் ஆடு மாடு, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், போக்குவரத்தில் மினுங்கும் பிரதிபலிப்பான்களை ப்ரிஸம் என்று பிடித்துக்கொள்ளும் கருவி, பழுதானால் பெருநகர சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் அதன் உண்மையான விலை.

மறுபக்கமும் உண்டு. வேலை தெரிந்த உதவியாள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது, கிடைத்தவரும் நிலையாக இருப்பதில்லை. பெரிய கட்டடத் தளங்களில் தினமும் நூற்றுக்கணக்கான புள்ளிகள் குறிக்கும் தனியாளுக்கு ரோபோட்டிக் கருவி இப்போதே நியாயமான முதலீடாக இருக்கலாம். பட்டா நிலம் அளப்பவருக்கு அல்ல.

வாடகையும் ட்ரோனும்

நான்காவது தரப்பு எதையும் வாங்காதே என்கிறது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் நாள் வாடகைக்கு எல்லாக் கருவியும் கிடைக்கிறது. மாதத்தில் சில நாள் மட்டுமே களவேலை உள்ளவருக்கு இது கணக்குப்படி சரி. ஆனால் அறுவடை முடிந்து தைக்குப் பிறகு எல்லோரும் நிலம் அளக்கக் கூப்பிடும் நாட்களில்தான் வாடகைக் கருவிக்கும் தட்டுப்பாடு. அதைவிடப் பெரிய குறை, நேற்று அது யார் கையில் இருந்தது, கீழே விழுந்ததா என்று தெரியாமல் எடுப்பது. ஒரே புள்ளியை இடமுகத்திலும் வலமுகத்திலும் பார்த்துக் கோணப் பிழையைக் கணக்கிடுவது, ஐ.எஸ்.ஓ. 17123 வரிசையில் சொல்லப்பட்ட எளிய களச் சோதனைகளைச் செய்வது ஆகியவற்றுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குபவருக்கே வாடகை பாதுகாப்பானது. பழைய கருவி வாங்குபவருக்கும் இதே விதி பொருந்தும். காலிப்ரேஷன் சான்றிதழ் என்பது அது எழுதப்பட்ட நாளுக்கு மட்டுமே சாட்சி.

ட்ரோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 ட்ரோன் விதிகள் பறப்பதை எளிதாக்கின. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்து தேர்வுகள் சுருங்கின. பெரிய பரப்பின் நிலவமைப்பு, குவாரிகளின் மண் அளவு போன்றவற்றுக்கு அது சிறந்தது. மண்ணுக்குள் பாதி புதைந்த சர்வே கல்லை அது பார்க்காது. மரத்தடியில் ஓடும் வேலியையும் பார்க்காது. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் போட எப்படியும் ரோவரோ டோட்டல் ஸ்டேஷனோ வேண்டும் என்பதால், முதல் கருவியாக அது பொருந்தாது.

பட்டியலில் வராதவை

கருவி பற்றிய விவாதம் எப்போதும் விலையுயர்ந்த ஒன்றைச் சுற்றியே நடக்கிறது. களத்தில் பிழை நுழைவது பெரும்பாலும் விலை குறைந்தவற்றின் வழியாக. ப்ரிஸக் கோலின் வட்ட நீர்மட்டம் சரியில்லாவிட்டால், கோல் நேராக நிற்பதாகத் தோன்றியபடியே அதன் உச்சி ஓரிரு செ.மீ. சாயும். கோலை அரைவட்டம் திருப்பி, குமிழி நடுவிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. தளர்ந்த ட்ரைபாட் கால், தேய்ந்த ட்ரைப்ராக் திருகு, வெயிலில் பாதி நேரத்தில் தீர்ந்துபோகும் பழைய பேட்டரி எல்லாம் இந்த ரகம். ஆட்டோ லெவலும் 30 மீட்டர் எஃகு டேப்பும் இல்லாமல் ரோவர் மட்டும் வைத்திருப்பவரின் தொழில், முக்கியமான ஒரு பக்கம் திறந்தே கிடக்கும் தொழில். டேப் என்பது பழைய காலத்து மிச்சம் என்று நினைப்பவர்கள், அது மின்சாரமோ செயற்கைக்கோளோ மாறிலியோ தொடாத ஒரே சாட்சி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மென்பொருளும் கருவிதான். கட்டண மென்பொருளின் ஆண்டுச் சந்தா சிறு தொழிலுக்குச் சுமை. வரைவுக்கு விலை குறைந்த மாற்றுகளும், வரைபட வேலைக்கு இலவசமான கியூ.ஜி.ஐ.எஸ்.ஸும் பெரும்பாலான தேவைக்குப் போதும். அரசின் இணையதளத்திலிருந்து எஃப்.எம்.பி. வரைபடத்தை எடுத்து அதன் மேல் தன் அளவை வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே எந்தக் கருவியும் பயன் தரும். தனியாருக்கான எல்லை அளவையின் பாதி வேலை அந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

துல்லியம் எங்கே போதும்

மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளும் துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது கருவியின் துல்லியத்தையே பேசுகின்றன. பதிவேட்டின் துல்லியத்தை அல்ல. குன்ட்டர் சங்கிலியின் ஒரு லிங்க் 20.12 செ.மீ., பின்னர் வந்த மெட்ரிக் சங்கிலியின் ஒரு லிங்க் 20 செ.மீ. லிங்க் கணக்கில் எழுதப்பட்ட பழைய அளவுகளைவிட நுட்பமாக அந்த எல்லையை யாரும் மீட்டெடுக்க முடியாது. கல் இடம் மாறியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, 2 மில்லிமீட்டர் கருவியும் 2 செ.மீ. கருவியும் ஒரே தவிப்பில்தான் இருக்கும். எல்லை வேலைக்காகக் கூடுதல் துல்லியத்துக்குப் பணம் கொடுப்பது பல சமயம் வீண். கட்டடத் தூண் மார்க்கிங்கில் நிலைமை தலைகீழ். அங்கே களத்தில் ரோவருக்கு வரக்கூடிய 2 செ.மீ. பிழையே அதிகம்.

ஆக, கேட்க வேண்டியது துல்லியமும் வேகமும் மட்டுமல்ல. இந்தக் கருவி தப்பு செய்தால், பக்கத்தில் யாரும் இல்லாத எனக்கு அது எப்படித் தெரியும் என்பதே முதல் கேள்வி. டோட்டல் ஸ்டேஷனின் தப்பு, முன்பே தெரிந்த புள்ளியை மறுபடி பார்க்கும் பின்பார்வைச் சோதனையிலும், மூன்று ஆணிச் சோதனையிலும், டேப்பிலும் தெரியும். ரோவரின் தப்பு மறுநடையில் தெரியும், அல்லது அதன் இரண்டு புள்ளிகளுக்கிடையே டேப் பிடித்தால் தெரியும். கருவி வேறு, சாட்சி வேறு என்று இருக்கும் ஏற்பாடுதான் அம்பு எண்ணிய அந்த இரண்டாவது ஆளின் இடத்தை நிரப்ப முடியும்.

இந்த அளவுகோலை வைத்தால், பட்டா நிலமும் கட்டட மார்க்கிங்கும் கலந்து செய்யும் தமிழ்நாட்டுத் தனியாளுக்கு, சோதித்து வாங்கிய பழைய டோட்டல் ஸ்டேஷன், ஆட்டோ லெவல், எஃகு டேப் ஆகியவற்றைச் சொந்தமாகவும், திறந்தவெளி வேலை வரும் நாட்களில் ரோவரை வாடகைக்கும் வைத்துக்கொள்வது பொருத்தமாகப் படுகிறது. முதல் ஒரு வருட வேலைப் பதிவேட்டில் பெரும்பகுதி திறந்த நிலமும் மனைப்பிரிவும் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இது உறுதியான தீர்ப்பு அல்ல. டெல்டாவில் ஒருவருக்குச் சரியானது நீலகிரியில் இன்னொருவருக்குச் சரியாகாது.

இன்னும் முடிவாகாதவை

மூன்று விஷயங்கள் இந்த மதிப்பீட்டைப் புரட்டிப்போடக்கூடும். முதலாவது, எல்லைப் பதிவேடே ஆயங்களுக்கு மாறுவது. ஆந்திரம் 2020 டிசம்பரில் ட்ரோனும் சி.ஓ.ஆர்.எஸ்.ஸும் கொண்டு மறு நில அளவையைத் தொடங்கியது. மத்திய அரசின் நக்ஷா திட்டம் 2025இல் நகர நிலங்களை வானிலிருந்து அளக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஆயம் அரசுப் பதிவேட்டில் ஏறினால் ரோவரின் மதிப்பு கூடும். அந்த ஆயம் எந்த அமைப்பில், எந்தத் தேதி நிலவரப்படி, தரைத் தூரத்தோடு எப்படி இணைத்து வெளியிடப்படும் என்பதைப் பொறுத்தே எவ்வளவு கூடும் என்பது தெரியும்.

இரண்டாவது, சட்டத்தில் தனியார் அளவரின் இடம். அவருடைய அளவைக்கு அரசு எந்த அளவுக்கு மதிப்புத் தருமோ அந்த அளவுக்குத்தான் கருவியில் போட்ட பணம் வருமானமாகத் திரும்பும். பதிவேடும் ஆவணமும் கேட்கப்படும்போது, ஒவ்வொரு புள்ளியும் எப்போது, எத்தனை செயற்கைக்கோளோடு எடுக்கப்பட்டது என்று தானே எழுதிவைக்கும் கருவிகள் முன்னுக்கு வரலாம்.

மூன்றாவது, மரங்களுக்கடியில் ரோவரின் நம்பகத்தன்மை. புதிய அலைவரிசைகளும் கூடுதல் செயற்கைக்கோள்களும் தோப்பு அளவையை வருடாவருடம் மேம்படுத்துகின்றன என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத் தென்னந்தோப்பில், மழைக்குப் பின், வெவ்வேறு கருவிகளை ஒரே கல்லின் மேல் வைத்து, டோட்டல் ஸ்டேஷன் அளவோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மாவட்டத்துக்கு நான்கைந்து தனியார் அளவர்கள் சேர்ந்து, ஒரு தோப்பில் ஆயம் தெரிந்த பத்துக் கற்கள் நட்டு வைத்தால் போதும்.